‘டாங்க்’ என்னும் ஆங்கிலச் சொல்

ஒரு மொழியில் வழங்கும் சொற்கள் யாவும் ஒரே குடியிற் பிறந்தவை அல்ல. சில தாய்வழி வந்தவை. சில வாணிகத்தின் பொருட்டு வந்து தங்கிவிட்டவை. இன்னுஞ் சில, எக்குடிக்கு உரியவை என்று இரு சாராரும் வழக்காடும் நிலையில் நிற்பவை. இக்கடைசி வகையைச் சேர்ந்த சொல்லொன்றை ஈண்டு ஆராயப் புகுகின்றோம். அஃது ‘டாங்க்’ என்னும் ஆங்கிலச் சொல்லாகும். அரிய சொல்லன்று, தாம்பரத்தில் ஒரு பகற்பொழுது நடமாடுவோர் பன்முறை கேட்கும் சொல். மாடிமேல் நீர் வழிந்தோடுமாயின் ‘டேங்க் நிரம்பிவிட்டது, மோட்டாரை நிறுத்துங்கள்’ என்று அண்டைவீட்டார் குரல் கொடுப்பர். வண்டிக்கு எண்ணெய் ஊற்றும் இடத்தும் இச்சொல்லே. ஆவடியிற் செய்யப்பெறும் போர் வண்டிக்கும் இதுவே பெயர். ஆங்கிலத்தில் எழுதப்பெற்ற பழைய சர்க்கார் பதிவேடுகளைப் புரட்டினாலோ, நம் கல்லூரிக்கு அணித்தாயுள்ள சேலையூர் ஏரியும் இச்சொல்லாலேயே குறிக்கப்பெறும். ஏரியும், எண்ணெய்க் கலமும், போர் வண்டியும் ஒரு பெயருக்குள் எங்ஙனம் அடங்கின என்பதே நம் வினா.

முதற்கண் அறியத்தக்கது, ஆங்கிலேயர் இச்சொல்லைத் தம் நாட்டிலிருந்து கப்பலேற்றிக் கொணர்ந்திலர் என்பது. 1611-ஆம் ஆண்டில் அச்சேறிய ஆங்கில வேதாகமத்தில் குளத்தையும் கிணற்றையும் தொட்டியையும் பற்றிப் பேசும் இடங்கள் பல உள. நம் தமிழ் வேதாகமம் சீலோவாம் குளம் என்று கூறுமிடத்து அவர்கள் ‘பூல்’ என்றனர். நாம் தொட்டி என்னுமிடத்து ‘சிஸ்டர்ன்’ என்றனர். ‘டாங்க்’ என்ற சொல் அந்நூலில் ஓரிடத்தும் இல்லை. ஆயின் 1616-இல் இந்தியாவுக்கு வந்து, மொகலாய மன்னரிடம் தூது வந்திருந்த சர் தாமஸ் ரோவுக்குக் குருவாக அமர்ந்த எட்வர்டு டெரி என்பார், இந்நாட்டு நீர்நிலைகளை வருணிக்குங்கால், இந்நாட்டார் வழங்கும் பெயர் இது என்று சொல்லி இச்சொல்லை ஆளுகின்றார். கிழக்கிந்தியக் கம்பெனியார் சூரத்தில் இறங்கி வடமேற்கு இந்தியாவில் உலாவிய காலம் அது. குஜராத்திலும் மராட்டிய நாட்டிலும் நிலத்துக்குள் தோண்டிக் கட்டிய நீர்த்தொட்டியைக் குறிக்க ‘டாங்கு’, ‘டாங்கே’ என்ற சொற்கள் உள்ளன. இராஜபுதனத்துப் பாலை நிலத்தில் மழைநீரைப் பிடித்துவைக்கும் நிலவறைத் தொட்டியை இன்றும் ‘டாங்கா’ என்றே அழைக்கின்றனர். ஆகவே இச்சொல் இந்தியச் சொல்லே என முடிவு கட்டிவிடலாம் போலத் தோன்றும்.

அங்ஙனம் முடிவு கட்டவொட்டாமல் குறுக்கே நிற்பவர் போர்த்துக்கீசியர். அவர்தம் மொழியில் ‘தாங்க்கெ’ என்றொரு சொல் உண்டு. பொருளும் குளம், நீர்த்தேக்கம் என்பதே. 1498-இல் வாஸ்கோ ட காமா கள்ளிக்கோட்டைக்கு வந்த செலவினை உடன்வந்த ஒருவர் எழுதிவைத்த குறிப்பிலேயே, கோவிலொன்றன் அருகிலிருந்த கற்கட்டுக் குளத்துக்கு இச்சொல் ஆளப்பட்டுள்ளது. கரையில் இறங்கிச் சின்னாட்களே ஆன ஒருவர், விளக்கம் எதுவும் கூறாமல் ஒரு சொல்லை எழுதுவாராயின், அது தம் வீட்டிற் பழகிய சொல்லாகவே இருத்தல் வேண்டுமன்றோ? நீரோட்டத்தைத் தடுத்து நிறுத்துதல் என்னும் பொருளுடைய ‘எஸ்தங்க்கார்’ என்ற வினையிலிருந்து அது பிறந்ததென்பர். தேங்கி நிற்கும் நீரைக் குறிக்கும் இலத்தீன் சொல்லோடு உறவு கூறுவாரும் உளர்.

ஆங்கிலோ-இந்தியச் சொற்களுக்கு 1886-இல் பேரகராதி வெளியிட்ட யூல், பர்னெல் என்னும் இருவரும் இச்சொல்லைக் கண்டு திகைத்தே நின்றனர். இவருட் பர்னெல் நம் சென்னை மாகாணத்து ஊழியர். தஞ்சையில் நீதிபதியாயிருந்து சரசுவதி மகாலின் ஏட்டுச் சுவடிகளுக்கு அட்டவணை செய்தவர். நூல் வெளிவருமுன்னரே காலஞ்சென்றார். ஒரு பிறப்பு இந்தியாவிலும், ஒரு பிறப்பு ஐரோப்பாவிலுமாக இரட்டைப் பிறப்புடைய சொல் இதுவெனக் கொண்டு அவர்கள் அமைந்தனர். இரண்டு ஆறுகள் கலந்தபின் இன்ன நீர் இன்ன ஆற்றினது என்று பிரிக்க ஒண்ணாதவாறு போல, குஜராத்துச் சொல்லும் போர்த்துக்கீசியச் சொல்லும் ஆங்கிலேயர் வாயிற் கலந்துபோயின என்று கோடலே யாமும் தக்கதெனக் கருதுகின்றோம்.

இனி, தமிழ் பயில்வோர்க்கு இங்கே ஓர் இடறுகல் உண்டு. தொண்டை மண்டலத்தில் சிறிய ஏரிக்குத் ‘தாங்கல்’ என்று பெயர். மின்சார வண்டியில் நாள்தோறும் நாம் கடந்து செல்லும் பழவந்தாங்கல் உளது. பறவைகள் வந்து தங்கும் வேடந்தாங்கல் உளது. நீரைத் தாங்குவது தாங்கல். தாங்கல் என்பதே வெள்ளையர் நாவில் ‘டாங்க்’ எனத் திரிந்தது என்று சிலர் மேடையிலும் கூறிவருகின்றனர். கேட்பதற்கு இனிய கூற்று, கைதட்டலும் கிடைக்கும். உண்மை அதற்கு இடந்தருவதில்லை. சென்னைக் கோட்டைக்கு வித்திட்டது 1639-இல். அதற்கு முன்னரே இச்சொல் ஆங்கிலத்தில் ஏறிவிட்டது. ஏறிய வழியும் மேலைக் கடற்கரை வழியே. தாங்கலோ காஞ்சி, செங்கற்பட்டுப் பகுதிகளின் வட்டார வழக்கு. வாஸ்கோ ட காமாவின் கூட்டத்தார் தொண்டை மண்டலத்தைக் கண்டவரல்லர். ஒலி ஒத்திருத்தல் ஒன்றே உறவுக்குச் சான்றாகுமாயின் உலகில் உறவில்லாச் சொல்லே இராது.

ஒலியை நம்புவோர் எவ்வாறு வழுக்கி வீழ்வர் என்பதற்குச் சென்னை நகரிலேயே ஒரு சான்று உளது. நாணயம் அடிக்குமிடத்துக்கு வடமொழியில் ‘டங்கசாலை’ என்று பெயர். டங்கம் என்பது நாணயத்தையும் ஒரு நிறையையும் குறிக்கும். தமிழ் மொழிக்கு முதலில் டகரம் வாராமையின், மக்கள் அதனைத் ‘தங்கசாலை’ ஆக்கிக்கொண்டனர். ஆங்கிலேயர் ‘மின்ட் தெரு’ என்றது பொருளறிந்து வைத்த பெயர். நாமோ அங்கே பொன் குவிந்து கிடந்ததாக எண்ணிக்கொள்கின்றோம். தங்கசாலை தங்கத்தினின்று பிறவாதவாறு போலவே, ‘டாங்க்’ தாங்கலினின்று பிறந்ததன்று. தமிழின் பெருமை பிறமொழிச் சொற்களுக்குத் தந்தைமை கோருவதில் இல்லை. அதன் பெருமையை அளக்க வேறு கோல் உளது. அது யாதென்பதை இச்சொல் தமிழ் நாட்டில் என்ன செய்தது என்று நோக்குவார் அறிவர்.

ஆங்கில அதிகாரிகள் இங்கு வந்து கண்டவை ஒன்றிரண்டல்ல. கரை ஒருபுறம் மட்டும் வளைந்து, மறுபுறம் மேட்டு நிலத்து மழைநீர் வந்து சேரத் திறந்து கிடப்பது ஏரி; வயலுக்குப் பாய்வது. நாற்புறமும் அகழ்ந்து படி கட்டியது குளம். நீராடுதற்கும் கோவிற் பணிக்கும் உரியது. ஊரார் உண்ணுநீருக்கென்று காக்கப்பெறுவது ஊருணி. அதிற் கால் நனைத்தலும் குற்றம். தானே அமைந்த நீர்நிலை பொய்கை. மலைமேல் ஊறுவது சுனை. ஆடுமாடு நீர் அருந்துவது குட்டை. பாண்டி நாட்டில் ஏரியைக் கண்மாய் என்பர். பேச்சில் கம்மாய் ஆகும். தாங்கலும் ஏந்தலும் சிற்றேரிகள். தாங்கு, ஏந்து என்னும் வினைகளே பெயர்களாயின. ஈழத்து வன்னி நாட்டிலோ இரணைமடு போன்ற பெருநீர்த்தேக்கமும் குளமெனவே வழங்கும். நம் நாட்டார் அதனைக் கண்டால் ஏரி என்பர். இத்தனை பெயர்களையும் ஆங்கிலப் பதிவேடு ஒரே சொல்லில் அடக்கிற்று. எல்லாம் ‘டாங்க்’.

இதனால் விளைந்த இழப்புச் சொல்லளவில் நின்றதன்று. ஒவ்வொரு பெயருள்ளும் ஒரு முறைமை இருந்தது. ஏரி என்னுமளவில் கரையும், மதகும், கலங்கலும், வாய்க்காலும், வரத்துக்காலும் உடன் நினைவுக்கு வரும். கலங்கல் என்பது ஏரி நிறைந்தபின் மிகைநீர் வெளியேறுதற்கு விட்ட வாயில். அந்நீர் வீணே போவதில்லை. கீழுள்ள ஏரிக்கு வரவாகின்றது. அவ்வேரியும் நிறைந்து அடுத்ததற்கு அளிக்கின்றது. சேலையூர், இராஜகீழ்ப்பாக்கம் ஏரிகளின் நீர் செம்பாக்கம் ஏரிக்கும், அங்கிருந்து நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் வழியாகப் பள்ளிக்கரணைச் சதுப்புக்கும் போய்ச் சேர்வது இவ்வொழுங்கினாலேயே. அச்சதுப்பு 2022-இல் உலகச் சிறப்புடைய ஈரநிலமாக ராம்சர் பட்டியலிற் சேர்க்கப்பெற்றது. ஒரு சங்கிலியின் கண்ணிகளை ஒவ்வொன்றாய்ப் பிரித்து ‘டாங்க், டாங்க்’ என்று எண்ணெழுதி வைத்தவன், அவை சங்கிலி என்பதை மறப்பது எளிது. தனித்தொரு தொட்டியாயின் தூர்த்தாலும் கேடில்லை போலும் என்றெண்ணத் தோன்றும்.

பண்டைத் தமிழர் இதனை எவ்வளவு கருத்தோடு கொண்டனர் என்பதற்குப் புறநானூற்றிற் குடபுலவியனார் பாண்டியன் நெடுஞ்செழியனுக்குக் கூறும் அறிவுரையே சாலும். நிலம் பள்ளமான இடந்தோறும் நீரைத் தடுத்து நிறுத்துவித்த அரசரே உலகிற் பெயர் நிறுவியவர் என்பது அதன் கருத்து. செங்கற்பட்டுக்கு அப்பாலுள்ள உத்திரமேரூரில் முதற் பராந்தக சோழனது 919, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுக்கள் உள. குடவோலையால் ஊர் வாரியங்களைத் தெரிந்தெடுக்கும் முறையைக் கூறுவன அவை. அவ்வாரியங்களுள் ஒன்று ஏரி வாரியம், உறுப்பினர் அறுவர். ஏரியைக் காப்பதற்கென்றே ஓர் அவையமைத்த மக்களுக்கு அதனைத் தொட்டியாக எண்ண எவ்வாறு இயலும்?

ஆங்கிலேயர் எல்லாரும் ஏரியை அறியாதவர் என்று யாம் கூறவில்லை. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் செங்கற்பட்டுச் சீமைக்குக் கலெக்டராயிருந்த லயனல் பிளேஸ் துரை ஏரிகளைப் பழுதுபார்ப்பதில் மிக்க ஊக்கமுடையவர். மதுராந்தகத்துப் பெருமாளுக்கு ஏரி காத்த இராமர் என்று பெயர் வந்த கதையில் அவரும் ஒரு பாத்திரமாக இடம் பெற்றுள்ளார். குறை மனிதர் மேலதன்று, சொல்லின் மேலது.

அச்சொல்லின் குறை நகரத்தின் வளர்ச்சியில் வெளிப்பட்டது. நுங்கம்பாக்கம் தொடங்கிச் சைதாப்பேட்டை நோக்கி நீண்டு கிடந்த ஏரிக்கு ஆங்கிலேயர் ‘லாங் டாங்க்’ என்று பெயரிட்டிருந்தனர். 1920-களில் மாம்பலத்தில் தியாகராய நகரை எழுப்புதற்கு அவ்வேரியை வற்றச் செய்து நிலமாக்கினர். இன்று அங்கே பட்டுக் கடைகளும் நகைக் கடைகளும் விளங்குகின்றன. ஏரியின் நினைவாக எஞ்சியவை மேற்கு மாம்பலத்து ‘லேக் வியூ ரோடு’, நுங்கம்பாக்கத்து ‘டாங்க் பண்ட் ரோடு’ என்னும் தெருப் பெயர்களே. கரைச்சாலை உளது, கரை இல்லை! நம் பக்கத்திலும் பல்லாவரத்துப் பெரிய ஏரியின் ஊடே துரைப்பாக்கத்துக்குச் சாலை போட்டு அதனை இரு கூறாக்கினர். 2015-ஆம் ஆண்டு டிசம்பர் 2-ஆம் நாள் காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்திற் பெய்த மழை 49 சென்டிமீட்டர். முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் மாடிகளில் நின்றவரைப் படகு கொண்டு மீட்டனர். நீர் தன் பழைய பெயரை மறக்கவில்லை, நாம்தாம் மறந்தோம்.

இனி, இச்சொல் கடல் கடந்து சென்று எய்திய மாற்றங்களைச் சுருங்கக் கூறுவாம். 17-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே அது நீர்நிலையென்னும் பொருளைவிட்டு, நீரோ எண்ணெயோ நிறைக்கும் பெருங்கலம் என்னும் பொருளுக்கு நகரலாயிற்று. இக்காலத்து ஆங்கில அகராதிகள் ஏரியென்னும் பொருளை ‘இந்திய வழக்கு’ என்று அடையாளமிட்டு ஒதுக்கி வைத்துள்ளன.

அதற்கடுத்த மாற்றமே வியப்பிலும் வியப்பு. 1915-இல் முதல் உலகப் போர் நடைபெறுங்கால், அகழிகளையும் முள்வேலிகளையும் தாண்டவல்ல இரும்பு ஊர்தி ஒன்றை ஆங்கிலேயர் மறைவாகச் செய்யலாயினர். லிங்கன் நகரத்து வில்லியம் பாஸ்டர் கம்பெனியாரின் தொழிற்சாலையில் அது உருவாயிற்று. அதன் உண்மைப் பெயர் வெளிப்படின் பகைவர் அறிந்துவிடுவர். ஆகவே மெசொப்பொத்தேமியாப் பாலைக்கு நீர் கொண்டுபோகும் கலம் என்று வதந்தி பரப்பினர். அங்கே அப்போது இந்தியப் படையினர் பலர் போரிட்டுக்கொண்டிருந்தமையால் அவ்வதந்தி நம்பத்தக்கதாகவே இருந்தது. அவ்வாண்டு டிசம்பரில், தொட்டியைக் குறிக்கும் வேறு சொற்களையும் எண்ணிப்பார்த்து, குறுகிய ஓசையுடைய ‘டாங்க்’ என்பதையே மறைபெயராக வரைந்துகொண்டனர். 1916 செப்டம்பர் 15-ஆம் நாள் பிரான்சு தேசத்துச் சோம் போர்க்களத்தில் அவ்வூர்தி முதன்முறை உருண்டோடியது. மறை வெளிப்பட்ட பின்னும் மறைபெயர் நீங்கிற்றில்லை. உயிர்காக்கும் நீரின் பெயர் உயிர்போக்கும் கருவிக்கு ஆயினவாறு இதுவே.

நம் நாட்டில் அவ்வூர்தியைச் செய்யும் தொழிற்சாலை 1961-இல் ஆவடியில் நிறுவப்பெற்று, முதலில் விஜயந்தா, பின்னர் அர்ஜுன் முதலிய பெயர்களோடு அவற்றை வெளியிட்டது. ஆவடி என்னும் பெயரே படைக்கலங்களைப் பற்றிய ஆங்கிலத் தொடரொன்றன் முதலெழுத்துக்களைக் கூட்டியது என்று கூறுவோர் பலர். தொழிற்சாலைக்கு முன்னரே, 1955-இல், காங்கிரஸ் மகாநாடு கூடியபோதும் அவ்வூர் ஆவடிதான். தாங்கலினின்று டாங்கைப் பிறப்பித்தாருக்கு இவர் உடன்பிறந்தார் போலும். அவ்வாவடியிலும் பருத்திப்பட்டு ஏரி உளது. ஆங்கிலத்தில் எழுதின், டாங்க் செய்யும் ஊரில் ஒரு டாங்க் என்றாகும்.

அறிஞர் கூடி ஆராயும் நிலையத்துக்குத் ‘திங்க் டாங்க்’ என்று பெயரிட்டனர். முன்னர் அது விளையாட்டாக மூளையைக் குறித்த தொடர். குத்துச்சண்டையில் வேண்டுமென்றே தோற்று விழுபவனை நீச்சற் குளத்தில் வீழ்ந்தான் என்னும் கருத்தில் இச்சொல்லாற் சுட்டினர்; அதிலிருந்து ‘டாங்க்’ என்பதே தோற்றலைக் குறிக்கும் வினையுமாயிற்று. மது மிகுந்தவனையும் இச்சொல்லாற் குறிப்பர். நம்மவரும் அதற்குத் தண்ணீரையே பெயராக்கியிருத்தலின் இவ்விடத்து இருமொழியும் ஒத்த கருத்தின என்று கூறி அப்பாற் செல்வோம்.

மீண்டும் தாம்பரத்துக்கு வருவோம். மாடிதோறும் கறுப்பு நிறக் கலங்கள் நிற்கின்றன. அவற்றை இந்நாட்டில் பரப்பியதிற் பெரும்பங்குடைய சின்டெக்ஸ், குஜராத்து மாகாணத்துக் கலோல் நகரத்தில் தோன்றியது. அப்பெயரே பலர் வாயில் பொருளின் பெயருமாயிற்று. குஜராத்தில் நிலத்தடியிற் பிறந்த சொல், குஜராத்தினின்றே வந்து நம் கூரைமேல் ஏறியது. வேனிலில் அக்கலத்தை நிரப்ப லாரி வரவேண்டும். 2019-ஆம் ஆண்டு சூன் திங்களில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் ஏறக்குறைய வற்றிப்போயின. குடத்தோடு தெருவில் நின்றவர் அனைவரும் எதிர்பார்த்தது ‘டேங்கர்’ வரவையே. ஏரியின் பெயர் லாரிக்குப் போயிற்று.

இச்சொல்லுக்குத் தமிழ் யாது? நம் கல்லூரியில் 1898 முதல் 1911 வரை தமிழாசிரியராயிருந்து, பின் பல்லாவரத்திற் குடியமர்ந்த மறைமலையடிகள் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கியதும் 1916-ஆம் ஆண்டே. போர்க்களத்து டாங்கும் தனித்தமிழும் ஒராண்டிற் பிறந்தன. அடிகளார் வழிநின்று நோக்கின் கலத்துக்குத் தொட்டி என்பது எளிய பழஞ்சொல். அரசாங்கத்தார் ‘மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டி’ என்று நீட்டி எழுதுகின்றனர். நீளம் ஒருபுறமிருக்க, அதிலுள்ள தேக்கம் என்னும் சொல் கருதத்தக்கது. ஓடும் நீரைத் தடுத்து நிறுத்தலே தேக்குதல். போர்த்துக்கீசிய வினையின் பொருளும் அதுவே. கடன் வாங்காமலே இருமொழியாரும் ஒரே வழியிற் சொல்லாக்கியுள்ளனர்.

ஈழத் தமிழர் செய்ததோ இன்னும் நயமுடையது. அவர்கள் நீர்க் கலத்தைத் ‘தண்ணீர்த் தாங்கி’ என்பர். போர் வண்டியை ‘யுத்த தாங்கி’ என்பர். ஆங்கில ஒலியும் கெடவில்லை. தாங்கு என்னும் தமிழ் வினையும் உள்ளே அமைந்தது. வரலாற்றில் இல்லாத உறவை அவர்கள் வழக்கில் உண்டாக்கிக்கொண்டனர். இவ்வளவில் அது குற்றமாகாது, ஏனெனில் இது பிறப்புக் கூறுவதன்று, மணம் செய்து தருவது. நம் பக்கத்துப் பத்திரிகைகள் ‘பீரங்கி வண்டி’ என்றும் எழுதுகின்றன. அப்பீரங்கியோ, மேனாட்டாரைக் குறிக்கும் ‘பிரங்கி’ என்னும் பாரசீகச் சொல்லின் திரிபு. அதன் வரலாறு தனியே எழுதத்தக்கது.